இன்னொரு வாட்டி கேட்பவள்

எனக்கு எழுபத்திரண்டு வயது. வளர்த்தது ஆறு பேரை. நாலு நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுவிட்டுப் போனது. ஆறும் தலையெடுத்துவிட்டன, ஒன்றுகூட வீணாகப் போகவில்லை. கோழிகளை இதில் சேர்க்கவில்லை; சேர்த்தால் இந்த நோட்டுப் பத்தாது. நான் படித்தது இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் எழுத ஒரு நாள் ஆகிறது. ஆகட்டும். வியாழக்கிழமைக்குள் முடிந்தால் போதும்.

எழுதப் போவது என்னைப் பற்றி அல்ல. தில்லியில், தமிழர் குடிசைகள் இருந்த மதராசி கேம்ப்பில், இருபது வருஷத்துக்கு மேல் என் பக்கத்து வீட்டில் இருந்தவளைப் பற்றி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் இருமினால் என் வீட்டு அலமாரியில் தட்டு அதிரும். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். பெயரை எழுதவில்லை. நான் அவளைப் பற்றி எழுதுவது இன்னும் அவளுக்கே தெரியாது.

"இல்லை" என்று யாராவது சொன்னால் அது அவள் காதில் ஏறாது. சண்டை போடமாட்டாள், அழமாட்டாள், கையெடுத்துக் கும்பிடவும் மாட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். பிறகு முதல் தடவை கேட்பதுபோலவே, அதே குரலில், அதே முகத்தோடு மறுபடியும் கேட்பாள். பள்ளிக்கூடத்தில் மகளுக்கு இடமில்லை என்றார்கள். ஐந்து நாள் போய்க் கேட்டாள், ஆறாம் நாள் அவளைப் பார்த்ததுமே ஃபாரத்தை எடுத்து நீட்டினார்கள். எனக்கு அவளைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும். நான் ஒருவரிடம் ஒரு தடவைதான் கேட்பேன். இல்லை என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன்.

"உனக்கு மானம் ரோஷமே கெடையாதாடி?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"இன்னொரு வாட்டி கேட்டா வாயி தேஞ்சா போயிடும், யக்கா?" என்றாள். அவளுக்குத் தெரிந்த கொஞ்சம் இந்தியிலும் முதல் வார்த்தை "ஏக் பார் ஔர், பையா", இன்னொரு வாட்டி அண்ணா, என்பதுதான்.

அவள் வளர்த்த கோழியும் அப்படிக் கேட்டு வாங்கியதுதான். போகல் மார்க்கெட்டில் சாயம் போட்ட கோழிக்குஞ்சு விற்பார்கள். ரோஸ், பச்சை, ஊதா. பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கும், இரண்டு நாளில் செத்துப்போகும். ஒரு குளிர்காலத்தில் கூடைக்காரன், தூக்கி எறிவதற்காக ஒதுக்கிப் போட்டதில் ஒன்று லேசாக அசைந்தது. ரோஸ் குஞ்சு, கண்கூடத் திறக்கவில்லை. "அதக் குடு பையா" என்றாள். சாகப்போவதைக் கொடுத்து அப்புறம் நீ வந்து சண்டை போடுவாய், மாட்டேன் என்றான் அவன். நின்றாள், கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் பார்ப்பதுபோல நின்றேன். நாலாம் தடவை அவனே சலித்துப்போய் அவள் கையில் வைத்தான். ரவிக்கைக்குள் பொத்தி எடுத்து வந்தாள்.

சாயம் உதிர்ந்து வெள்ளைவெளேர் என்று கோழி வந்தது. எங்கள் சந்தில் சாக்கடைத் தண்ணீர் தேங்கி நிற்கும். அது ஒவ்வொரு காலாகத் தூக்கி, உதறி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கும். "நான் வேல பாக்குற பங்களா மேடம் இப்டித்தான் யக்கா நடப்பாங்க" என்றாள். மேடம் என்றே பெயர் வைத்துவிட்டாள். "மேடம், நாஷ்தா ஆயிடுச்சா? மேடம், கட்டிலுக்கு அடியில போயி ரெஸ்ட் எடுங்க." சந்து முழுக்கச் சிரிக்கும்.

அது பண்ணைக்கோழி ஜாதி. நம் நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு போட்டுவிட்டு அடைக்கு உட்காரும், உடம்பு தேறும். இந்த ஜாதி உட்காராது, போட்டுக்கொண்டே இருக்கும். உடம்பில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தெல்லாம் ஓடாகப் போய்விடும். அப்புறம் ஓடே இல்லாமல் தோல்முட்டை போடும். கடைசியில் முட்டை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். "இது நிக்காதுடி, ஒரு வருசம் முட்டை தின்னுட்டு அறுத்துடு" என்று முதலிலேயே சொன்னேன். கோழி விஷயத்தில் கேம்ப்பில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவள் கேட்டுக்கொண்டாள், செய்யவில்லை.

அவள் மகளைக் கள்ளக்குறிச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. இரண்டு தடவை தங்காமல் போய், மூன்றாவது உண்டாகியிருந்தாள். ஐந்தாம் மாதம் உதிரம் படுகிறது என்று போன் வந்தது. இவள் கையில் பாத்திரம் தேய்க்கிற சாம்பலோடு கேம்ப் அம்மன் கோயிலுக்கு ஓடினாள். ஓடுகிறவள் பின்னாலேயே கோழியும் ஓடியது. என்ன கொடுப்பது என்று யோசிக்க நேரமில்லை. "எம் பொண்ண நல்லபடியா பெத்துப் பொழைக்க வையி. இந்தக் கோழிய ஒனக்கே வுட்டுடறேன்" என்று வாய் சொல்லிவிட்டது. உதிரம் நின்றுவிட்டது. மகள் பிழைத்துப் பெற்றால், ஆடியில் மேடத்தை அம்மனுக்கு அறுக்க வேண்டும். அன்றிலிருந்து அவள் கோழியைக் கொஞ்சும்போது சத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது.

மகளுக்கு ஒன்பதாம் மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், வேலைக்குப் போகாத நாள், சுவரைத் தட்டினாள்.

"யக்கா, மேடம் காலையிலேர்ந்து நின்ன எடத்துலயே நிக்கிது. வந்து பாரேன்."

போய்ப் பார்த்தேன். வால் தொங்கி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, மனுஷர்போல நிமிர்ந்து நின்றது. கொண்டை வெளுத்திருந்தது. கொஞ்ச நேரத்துக்கொரு தடவை முக்கியது, ஒன்றும் வரவில்லை. அடிவயிற்றில் விரலை வைத்தேன். கல்போல முட்டை.

"மாட்டிக்கிச்சிடி. உள்ளயே ஒடஞ்சா பொழைக்காது. உசுரு இருக்கும்போதே அறுத்துக் கொழம்பு வச்சிடு."

"நேர்ந்துவுட்ட கோழி யக்கா."

"அப்ப செத்ததும் நாலாவுல போடு" என்றேன். கேம்ப்பை ஒட்டி ஓடுகிற சாக்கடை வாய்க்கால்தான் நாலா.

வாசலில் நாலு பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி, "பிரசவத்துக்கு நேர்ந்துவுட்ட கோழிக்கே எறங்கலன்னா, அங்க அந்தப் பொண்ணுக்கு..." என்று ஆரம்பித்து, நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாள். ஆனால் அது இவள் காதில் விழுந்துவிட்டது. முகம் கோழியின் கொண்டையைப் போலவே வெளுத்துவிட்டது.

"இன்னொரு வாட்டி பாரு யக்கா."

"பாத்துட்டேன்."

"இன்னொரு வாட்டி."

எனக்கு மருந்து தெரியும். வெதுவெதுப்பான தண்ணீரும் விளக்கெண்ணெயும் பொறுமையும். என் அம்மா செய்து பார்த்திருக்கிறேன். ஆனால் அறு என்று ஒரு தடவை சொல்லிவிட்ட பிறகு, அதே வாயால் அதைச் சொல்ல எனக்கு வரவில்லை. அவள் கோழியைக் காய்கறிப் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். என்ன இருந்தாலும் தனியாக விடக்கூடாது என்று நானும் பின்னால் போனேன்.

ஜங்புராவில் ஒரு நாய் டாக்டர். உள்ளே சோபா, ஏசி. கன்றுக்குட்டி உயரத்தில் நாய்கள். பையைத் திறந்ததும் டாக்டர் மாட்டேன் என்று தலையாட்டினார். "அம்மா, இங்கே முர்கி பார்ப்பதில்லை" என்றார் இந்தியில்.

"ஏக் பார் தேக் லோ, சாப்." ஒரு தடவை பாருங்கள் ஐயா.

இல்லை என்றார். நின்றாள், கேட்டாள். மூன்றாம் தடவை கேட்டபோது நாயோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் சிரித்துவிட்டாள். கோழிக்கு டாக்டரா, வெட்டிச் சாப்பிட வேண்டியதுதானே என்றாள்.

இவள் திரும்பி, மரியாதையாகத்தான் கேட்டாள்: "ஆப்கா குத்தா அண்டா தேதா ஹை க்யா, மேடம்?" உங்கள் நாய் முட்டை போடுமா?

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோழியை வாங்கி அடிவயிற்றைத் தடவினார். வெதுவெதுப்பான தண்ணீரில் வயிறு முங்க வைத்திருங்கள், கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள், இருட்டாகச் சத்தமில்லாமல் விடுங்கள், அழுத்தி மட்டும் விடாதீர்கள், பிழைத்தால் கால்சியம் கொடுங்கள் என்றார். அவ்வளவும் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். "பிளாஸ்டிக் டப்பு எடு, தண்ணி வை. முழங்கையில ஊத்திப் பாரு, சுடக்கூடாது" என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கோழியின் வயிற்றை என் கையில் ஏந்தித் தண்ணீரில் வைத்தேன். கண் மட்டும் மூடாமல் என்னையே பார்த்தது. தண்ணீர் ஆற ஆற அவள் மாற்றினாள். ஜன்னலுக்கு அவள் புடவையைக் கட்டி இருட்டாக்கினோம். அவள் அதன் காதோடு வாயை வைத்து, "இன்னொரு வாட்டி முக்கும்மா... அவ்ளோதான்... இன்னொரு வாட்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு இடுப்பு விட்டுப்போனது. கையை எடுக்கவில்லை. வெயில் இறங்குகிற நேரத்தில் வயிறு ஒரு தடவை இறுகி, என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. சொரசொரவென்று, ஒரு பக்கம் ஓடு பிடிக்காமல், ஒரு கோடு ரத்தத்தோடு.

அவள் உடனே போனை எடுத்து ஊருக்குப் போட்டாள். "எறங்கிடுச்சிடி! நீ பயப்படாத!"

"இன்னாது எறங்கிடுச்சி? எனக்கு இன்னும் நாளு இருக்குதேம்மா" என்று மகள் அந்தப் பக்கம் பதறுவது எனக்கே கேட்டது.

அதற்குப் பிறகுதான் முட்டை ஓடு சமாச்சாரம். ஓட்டுக்கு ஓடுதான் மருந்து. காயவைத்து இடித்துத் தீவனத்தில் கலக்க வேண்டும். காலையில் வேலை செய்கிற பஞ்சாபி வீட்டில் தினமும் ஆம்லெட். ஓடுகளைக் கழுவி டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு, அங்கிருந்து லோதி ரோடு குவார்ட்டர்ஸுக்குப் போவாள். அது ஒரு மாமி வீடு. வெங்காயம்கூட நாள் பார்த்துத்தான் உள்ளே வரும். ஒரு நாள் மாமி, பாவம் இவள் என்ன சாப்பிடுகிறாள் என்று பார்க்க டப்பாவைத் திறந்துவிட்டாள்.

"ராம ராமா! என்னடி இது, என் சமையல் உள்ளுல?"

"மேடம் சாப்பிடறதுக்கு மாமி."

"எந்த மேடம்டி முட்டை ஓடெல்லாம் சாப்பிடறா?"

கோழி என்று சொல்லி, கதை முழுவதையும் சொல்லியிருக்கிறாள். மாமி டப்பாவை வாசலில் வைக்கச் சொன்னாள், அடுப்படியைத் துடைக்கச் சொன்னாள். நாளையிலிருந்து வராதே என்றாள். இவள் துடைத்தாள், நின்றாள், "நாளைக்கு எத்தினி மணிக்கு வரட்டும் மாமி?" என்றாள். மாமிக்கு முழங்கால் தேய்மானம். அலமாரியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து வந்து கையில் போட்டாளாம். "கால்ஷியம். தினம் பாதி பொடி பண்ணிப் போடு. எனக்குத்தான் ஒண்ணும் கேக்கல, அதுக்காவது கேக்கட்டும். அந்தக் கர்மத்த மட்டும் என் ஆத்துக்குள்ள கொண்டு வராதே." அன்றிலிருந்து கோழி எப்படி இருக்கிறது என்று மாமி தினமும் கேட்பாளாம்.

மூன்று வாரத்தில் மகளுக்குப் பெண் குழந்தை. சுகப்பிரசவம். அவள் சந்து முழுக்க லட்டுக் கொடுத்தாள். மேடத்துக்கும் ஒன்று உதிர்த்துப் போட்டாள். அப்புறம் ஆடி வந்தது.

ஆடி வந்ததும் அவள் பூசாரியிடம் போய், கோழிக்குப் பதிலாக வேறு கோழி தரட்டுமா என்று கேட்டாள். நேர்ந்தது நேர்ந்ததுதான் என்றார். மறுபடி கேட்டாள். பூசாரி என்னைப்போல ரோஷக்காரர். "எங்கிட்ட எதுக்கு? அம்மனையே பூ போட்டுக் கேளு" என்றார்.

பூ கேட்பது எங்களில் வழக்கம். செவ்வரளி ஒன்று, வெள்ளரளி ஒன்று, தனித்தனியாகப் பேப்பரில் பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் குலுக்கிப் போட வேண்டும். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். சிவப்பு வந்தால் கோழி அம்மனுக்கு, வெள்ளை வந்தால் அம்மன் விட்டுக்கொடுத்தாள். எடுத்ததைத்தான் பிரிப்போம், மற்றதைப் பிரிக்காமல் நாலாவில் விட்டுவிடுவோம். பொட்டலம் கட்டுவது எப்போதும் நான்தான். "அந்தம்மா யாருக்கும் சாயாது" என்று பூசாரியே சொல்லுவார். அந்தப் பேர் எனக்குப் பிள்ளைகளைவிடப் பெரிது.

எடுத்தது என் பேத்தி. அப்போது ஐந்து வயது. முதல் பொட்டலம் சிவப்பு.

"இன்னொரு வாட்டி" என்றாள் அவள். பூசாரி சரி என்றார். நான் புதிதாகக் கட்டினேன். இரண்டாவதும் சிவப்பு.

"இன்னொரு வாட்டி கேக்கறேன் சாமி."

"அம்மன்கிட்டயே பேரம் பேசறியா? மூணோட சரி. அதுக்கு மேல கேட்டா அது கேக்கறது இல்ல, மெரட்டுறது."

அவள் அழவில்லை. கக்கத்தில் இருந்த மேடத்தின் தலையை ஒரு விரலால் நீவி, "வுடு, இன்னொரு வாட்டி கேட்டுப் பாக்கலாம்" என்று அதனிடம் சொன்னாள். அது என்னைப் பார்த்தது. அன்றைக்குத் தண்ணீரில் பார்த்தது போலவே. நான் அரளிச் செடிப் பக்கம் போனேன். முதுகைக் காட்டிக்கொண்டு கட்டினேன். குலுக்கினார்கள், பேத்தி எடுத்தாள், பூசாரி பிரித்தார். வெள்ளை.

சந்தே கத்தியது. அவள் தரையில் விழுந்து கும்பிட்டாள். கோழிக்குப் பதிலாக அது போடுகிற முட்டையெல்லாம் அம்மனுக்கே என்று அந்த இடத்திலேயே சொன்னாள். இரண்டு நாள் கழித்து முதல் முட்டையை மஞ்சள் துணியில் ஏந்தி வந்தாள், தோல்முட்டை. பூசாரி கையில் வைத்ததும் தளதளவென்று ஆடியது. "இத எந்தக் கையால படைக்கறது?" என்றார். "அவளுக்குத் தெரியும் சாமி, அது ஒடம்பு சரியில்லாத கோழின்னு" என்றாள்.

மேடம் அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தது. போன குளிருக்கு முந்தின குளிரில் கட்டிலுக்கு அடியில், வயதாகி, தூக்கத்தில் போனது. அன்றைக்கு மட்டும் அவள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

பிறகு கேம்ப்பை இடிக்கப் போகிறார்கள் என்று வந்தது. மாற்று வீடு யார் யாருக்கு என்று பட்டியல் வந்தது. என் பெயர் இருந்தது, நரேலாவில் வீடு. அவள் பெயர் இல்லை. பிளாஸ்டிக் உறையில் காகிதங்களைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். இல்லை என்றார்கள். மறுபடி போனாள். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து என் வாசலில் உட்காருவாள்.

"அம்மனே மூணாவது வாட்டி எறங்கி வந்தா யக்கா. இவங்க மனுசங்கதான? இன்னொரு வாட்டி கேட்டா குடுப்பாங்க."

நான் தண்ணீர் கொடுப்பேன். எட்டாவது தடவை போனபோதும் இதையே சொன்னாள். எட்டாவது தடவையும் தண்ணீர்தான் கொடுத்தேன். இடித்த பிறகு அவள் ஊருக்கு, மகளிடம் போய்விட்டாள்.

மூன்றாவது தடவை இரண்டு பொட்டலத்திலும் நான் வெள்ளரளியைத்தான் வைத்தேன். பிரிக்காத பொட்டலத்தை நானே கொண்டுபோய் நாலாவில் போட்டேன். இறங்கி வந்தது அம்மன் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி. எல்லா ஆபீசிலும் பொட்டலம் கட்ட நான் உட்கார்ந்திருக்க முடியாது. அவளுக்கு அது தெரியாமல், அம்மனே இறங்கி வந்தாள் என்று நம்பிப் போய்க்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் போன் வந்தது. "யக்கா, வியாழக்கிழமை வண்டில வரேன். ஒன் வூட்ல ரெண்டு நாளு தங்கிக்கறேன். ஆபீசுல இன்னொரு வாட்டி கேக்கணும்." அவளுக்குப் படிக்கத் தெரியாது. எனக்கு வாயால் சொல்ல வராது. அதனால்தான் எழுதினேன், என் பேத்தி அவளுக்குப் படித்துக் காட்டட்டும். கேட்டபிறகு அவள் என்னோடு பேசாமல் போனால் போகட்டும், அதைத் தாங்குவேன். கேட்பதையே விட்டுவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பயம்.

லோதி ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் என் பேத்தி. இதுவரை எழுதியதை எதிரில் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தாள். பொட்டலம் வந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது.

"ஆயா... நான் எடுத்தேனே. ரெண்டுலயும் வெள்ளையா?"

"ஆமாம்."

"இத நான் அவங்களுக்குப் படிக்கணுமா? அவங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே?"

"படிக்கணும். மொதல்ல எனக்குப் படி. அவ காதுல எப்டி விழும்னு பாக்கறேன்."

"இப்பத்தான படிச்சேன்."

"வாயி தேஞ்சா போயிடும்? இன்னொரு வாட்டி படி."